சுவரில் அஞ்சு நாள், பரணில் முப்பது வருஷம்

முதல் நாள் – பெரியமேடு, சென்னை

ஓவியக் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும் அண்ணன் மகள் ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். "ஃபைனல் இயர் டிஸ்ப்ளே சித்தப்பா. வரலேன்னா அப்புறம் உங்ககூடப் பேச மாட்டேன்." அச்சகத்தில் லேஅவுட் வேலை பார்ப்பவனுக்கு மார்ச் மாதத்தில் ஒரு வாரம் விடுப்பு கிடைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. கிடைத்ததை வீணாக்க மனமில்லாமல், கடைசி வருஷப் பிள்ளைகள் தங்கள் வேலைகளைச் சுவரில் மாட்டிக் காட்டும் இந்த டிஸ்ப்ளேவில் தொடங்கி, வழியில் கலைக் கல்லூரிகளையும் அங்கே படித்தவர்கள் இருக்கும் இடங்களையும் பார்த்துக்கொண்டே கொச்சி வரை போவதாகத் திட்டம். இவளுடைய நண்பன் ஒருவனின் படைப்பு கொச்சி மாணவர் பியனாலேவில், அதாவது இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் கலைக் கண்காட்சியில், இருக்கிறது. அது முடியப்போகிறதாம்.

சென்ட்ரலிலிருந்து நடந்தே வந்துவிட்டேன். பெரியார் சாலையில் அரசு கவின்கலைக் கல்லூரியின் அந்தச் செங்கல் கட்டடத்தைத் தாண்டாத சென்னைக்காரர் கிடையாது. உள்ளே போனவர்கள் குறைவு. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850-ல் ஆரம்பித்த பள்ளி இது. கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் முன்னாலேயே இங்கே ஓவியப் பள்ளி வந்துவிட்டது. இன்னொரு சங்கதி: ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1898-ல் அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையை இந்தியாவில் தொடங்கிப் பார்த்தது இந்தப் பள்ளியின் பட்டறையில்தான். ஓவியம் சோறு போடுமா என்று கேட்பவர்களுக்கு, சோறு வடித்த பாத்திரமே இங்கிருந்து வந்ததுதான் என்று சொல்லலாம். சொன்னால் சிரிப்பார்களா என்பது வேறு விஷயம்.

நானும் ஒரு காலத்தில் இங்கே நுழைவுத் தேர்வுக்கு வந்தவன். பானை, இரண்டு வாழைப்பழம், மடித்துப் போட்ட துணி. பானை சரியாக வந்தது. துணியின் மடிப்பு என்னைக் கவிழ்த்துவிட்டது. அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் வாசலுக்குள் கால் வைக்கிறேன்.

டிஸ்ப்ளே நாளைக்கு. இன்று மாட்டும் வேலை. இவள் அச்சோவியப் பிரிவு. முடியை உச்சியில் முடிந்துகொண்டு, ஏணியில் நின்றபடி, "வந்துட்டீங்களா, அந்த டேப்பப் பிடிங்க" என்றாள். அவ்வளவுதான் வரவேற்பு.

படம் மாட்டுவதில் ஒரு கணக்கு இருப்பது எனக்கு இத்தனை நாள் தெரியாது. படங்களின் மேல் விளிம்பை ஒரே கோட்டில் கொண்டுவருவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லையாம். படம் சின்னதோ பெரியதோ, அதன் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 அங்குலத்தில் இருக்க வேண்டும். நிற்கிற ஆளின் கண் சராசரியாக அங்கேதான் இருக்கும். முதலில் சுவர் நெடுக 57 அங்குலத்தில் நூல் கட்டுகிறார்கள். அப்புறம் ஒவ்வொரு படத்தின் உயரத்தையும் பாதியாக்கி, கம்பி தொங்கும் அளவைக் கழித்து, பென்சிலால் ஒரு புள்ளி. அடுத்து ஆணி. பக்கத்துச் சுவரில் ஒரு பையன் கணக்குப் போடாமல் அடித்துவிட்டு எட்டு ஆணியையும் பிடுங்கிக்கொண்டிருந்தான். ஆணி போன ஓட்டைகளை அடைக்க அவன் தோழி சாக்பீஸ் பொடியைக் குழைத்துக்கொண்டிருந்தாள்.

மதியம் அச்சகத்துக்கு அழைத்துப்போனாள். நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்கும் இதற்கும் பெயரில் மட்டும்தான் ஒற்றுமை. துத்தநாகத் தகட்டின் மேல் மெழுகும் தாரும் கலந்த பூச்சு. அதை ஊசியால் கீறித்தான் வரைய வேண்டும். கீறிய இடத்தில் உலோகம் பளிச்சென்று தெரியும். தகட்டைத் தண்ணீர் கலந்த நைட்ரிக் அமிலத்தில் இறக்கினால் கோடு கோடாகக் குமிழி கிளம்புகிறது. அந்தக் குமிழி அங்கேயே நின்றுவிட்டால் அரிப்பு சீராக இருக்காது. அதனால் ஒரு கோழி இறகால் மெதுவாக வருடி வருடித் தள்ளுகிறாள். அமிலத் தட்டுக்குப் பக்கத்தில் கோழி இறகு! நெடி மூக்கில் ஏறுகிறது, ஜன்னலோரம் நின்றும் இருமினேன்.

பூச்சைக் கழுவிவிட்டு, தகடு முழுக்க மையை அப்பி, பிறகு அப்பிய மை அத்தனையையும் துடைக்கிறார்கள். முதலில் கஞ்சி போட்ட வலைத்துணியால், கடைசியில் வெறும் உள்ளங்கையால். மேலே இருப்பது போய்விடும், பள்ளத்தில் இருப்பது தங்கிவிடும். நனைத்து ஈரம் ஒற்றிய காகிதத்தை மேலே வைத்து, கம்பளத்தைப் போர்த்தி, பெரிய சக்கரத்தைச் சுற்றினால் உருளைக்கு அடியில் போய் வருகிறது. காகிதத்தின் ஒரு முனையைப் பிடித்து அவள் தூக்கும்போது நாலைந்து பேர் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். நூறு முறை பார்த்தவர்கள்தான், இருந்தாலும் பார்க்கிறார்கள்.

காகிதத்தில் இருந்தது, சென்ட்ரல் ஸ்டேஷனில் மூட்டை மேல் தலைவைத்துத் தூங்கும் ஒரு குடும்பம். இந்தக் கல்லூரிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக ஸ்கெட்ச் பழகும் இடம் அந்த ஸ்டேஷன். இவள் அங்கே பழகியதையே டிஸ்ப்ளே வரை கொண்டுவந்துவிட்டாள். தகட்டில் நேராக வரைந்தது காகிதத்தில் இடவலம் மாறி விழுகிறது. அதற்காக மூட்டையில் இருந்த எழுத்தை இடவலம் மாற்றி எழுதப் பழகினாளாம்.

ஒரு தகட்டில் பத்துப் பிரதி மட்டும். அடியில் பென்சிலால் 3/10 என்று எண், பிறகு கையெழுத்து. பத்தும் முடிந்தால் தகட்டின் குறுக்கே ஒரு கீறல் போட்டுவிட வேண்டும், இனி யாரும் எடுக்க முடியாதபடி. "அப்ப மனசு ஒரு மாதிரி ஆயிடும் சித்தப்பா" என்றாள்.

டிஸ்ப்ளே அஞ்சு நாள்தான். முடிந்ததும் இதெல்லாம் எங்கே போகும் என்று கேட்டேன். "ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில. காலி பண்ணச் சொன்னா நம்ம வீட்டுப் பரண்ல. அம்மா இப்பவே திட்ட ஆரம்பிச்சாச்சு."

இரண்டாம் நாள் – கிரீம்ஸ் சாலை, மெரினா, ஈஞ்சம்பாக்கம்

காலையில் டிஸ்ப்ளே திறந்தது. கூட்டம். இவள் பக்கத்தில் நின்றால் வெட்கப்படுகிறாள் என்று நழுவிவிட்டேன்.

கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதமியின் அரங்கில் பழைய மாணவர்களின் குழுக் கண்காட்சி. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரே வகுப்பில் இருந்த பதினொரு பேர். எல்லோருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடிக் கூடு. ஒருவர் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியர், ஒருவர் சினிமா செட் வேலையில் உதவியாளராகவே இருந்து ஓய்ந்தவர், இரண்டு பேர் விளம்பர நிறுவனம், ஒருவர் பிளக்ஸ் அடிக்கும் கடை. வருஷம் முழுக்க வரைந்துகொண்டே இருந்தவர் ஒரே ஒருவர்தான். அவருடைய படங்கள் தனியாகத் தெரிந்தன, மறைத்துச் சொல்வானேன்.

ஆனால் என்னை நிறுத்தியது பள்ளி ஆசிரியரின் சுவர். மூன்று புதுப் படங்களுக்கு நடுவில் ஒரு பழைய ஆயில். நாலாக மடித்தது போல நடுவில் வெடிப்பு, ஓரத்தில் கறையான் தின்ற தடம். அவருடைய கடைசி வருஷ டிஸ்ப்ளே படமாம். "பரண்ல இருந்துது சார். வீடு மாத்தும்போது கைல கிடைச்சுது. டச் பண்ண மனசு வரல, அப்படியே மாட்டிட்டேன்." மூன்று புதுப் படங்களையும் பார்த்தேன், பழசையும் பார்த்தேன். எது நல்ல படம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அரங்கம் கிடைப்பதுதான் எல்லோருடைய புலம்பலும். ஒருவர் போன வருஷம் ஒரு தனியார் அரங்கில் மாட்டியிருக்கிறார். வாடகையும் வாங்கிக்கொண்டு, விற்றதில் பங்கும் எடுத்துக்கொண்டு, திறப்பு விழா டீக்கு வேறு தனியாகப் பில் நீட்டினார்களாம்.

மெரினாவில் உழைப்பாளர் சிலையடியில் பத்து நிமிஷம் நின்றேன். அதை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929-லிருந்து 1957 வரை பெரியமேட்டுக் கல்லூரிக்குத் தலைமை வகித்தவர், அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். சிலை கடற்கரைக்கு வந்தது 1959-ல். பாறையை நெம்பும் நாலு பேருக்கும் மாதிரியாக நின்றவர்களில் கல்லூரிக் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் உண்டு என்று சொல்வார்கள். வாட்ச்மேன் ஊரறிய நிற்கிறார், அவருக்கு வணக்கம் வைத்துவிட்டு உள்ளே போன எத்தனையோ மாணவர்களின் படங்கள் பரணில் கிடக்கின்றன.

ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் ஓவியர் கிராமமான சோழமண்டலம் வந்து சேர்ந்தபோது மூன்று மணி. ஈசிஆர் சத்தம் மதிலோடு நின்றுவிடுகிறது. நேற்று அண்ணன் மகளிடம் கேட்ட கேள்வியை அறுபது வருஷத்துக்கு முன்னால் இன்னொருவரும் கேட்டிருக்கிறார்: கே.சி.எஸ். பணிக்கர். அந்தக் கல்லூரியிலேயே படித்து, அங்கேயே ஆசிரியராகி, ராய் சௌத்ரிக்குப் பிறகு முதல்வரானவர். படித்து முடித்த பையன்கள் குமாஸ்தா வேலைக்குப் போய் ஓவியத்தை விட்டுவிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவரே தந்தி இலாகா வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்தவர் என்பதால் அந்தப் பயம் அவருக்கு உள்ளிருந்தே தெரியும்.

அவரும் மாணவர்களும் கண்டுபிடித்த வழிதான் எனக்குப் பிடித்தது. உதவித்தொகை கேட்டு மனுப் போடவில்லை, பாடிக் துணி செய்தார்கள். துணியில் உருக்கிய மெழுகால் வரைந்து, சாயத்தில் முக்கி, மெழுகை எடுத்தால் மெழுகு இருந்த இடம் வெள்ளையாக நிற்கும். மெழுகு உடைந்த இடத்தில் நரம்பு நரம்பாகச் சாயம் இறங்கியிருக்கும். பகலில் பாடிக், மிச்ச நேரத்தில் சொந்த ஓவியம். பாடிக் கண்காட்சிகளில் விற்ற காசில் சேர்ந்து நிலம் வாங்கினார்கள். 1966-ல் இந்தக் கிராமம். அப்போது இங்கே மணலும் சவுக்கும்தான். தாங்களே வீடு கட்டி, தாங்களே நிர்வாகம் பண்ணி, ஆளுக்கொரு பட்டறை. கைவினையைத் தாழ்வாகப் பார்க்கும் ஓவியர்களை இங்கே ஒரு முறை கூட்டிவர வேண்டும்.

அந்தக் கல்லூரியிலிருந்து கிளம்பிய மெட்ராஸ் ஓவிய இயக்கத்துக்கென்று இங்கே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை, ஜானகிராமின் உலோகத் தகட்டுச் சிற்பங்கள். ஜாதகக் கட்டம் மாதிரி, கணக்கு நோட்டு மாதிரி, படிக்க முடியாத எழுத்து நிரம்பிய பணிக்கரின் படம் ஒன்றின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். லேஅவுட்காரனின் கண்ணுக்கு அது மார்ஜின் இல்லாத பக்கம். ஒரு இடத்தைக்கூட நகர்த்த முடியவில்லை.

ஒரு முழுநாள் வைத்திருக்க வேண்டும் இதற்கு. ஐந்தரைக்குக் காவலாளி சாவிக்கொத்தை ஆட்டினார்.

மூன்றாம் நாள் – மாமல்லபுரம்

இங்கே அதிகம் எழுத ஒன்றும் இல்லை, காலையில் இரண்டு மணி நேரம்தான். அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக் கல்லூரி, 1957-ல் தொடங்கியது. கன்னியாகுமரியின் 133 அடி வள்ளுவரை வடித்த கணபதி ஸ்தபதி பல வருஷம் முதல்வராக இருந்த இடம். கல், சுதை, மரம், உலோகம்.

சென்னையில் மாணவன் முதலில் கேட்பது ‘என்ன வரையலாம்?’ இங்கே முதலில் கேட்பது ‘என்ன தாலம்?’ முகத்தின் நீளம் ஒரு தாலம். பத்துத் தாலக் கணக்கான உத்தம தசதாலத்தில் உச்சி முதல் பாதம் வரை 124 பாகம். கல்லின் மேல் சிவப்புக் கோடு போட்டு, எந்தப் பாகத்தில் கழுத்து, எந்தப் பாகத்தில் நாபி என்று முடிவு செய்த பிறகுதான் உளி. சிற்பத்தில் கையெழுத்துப் போடுவீர்களா என்று ஒரு மாணவனைக் கேட்டேன். புரியாமல் பார்த்தான். "கோயிலுக்குப் போறதுல எப்படி சார் பேர் போடறது?"

பரண் பிரச்சினை இவர்களுக்கு இல்லை. கல்லை வெயிலில் போட்டுவைக்கலாம்.

மதியம் பாண்டிச்சேரி பஸ், அங்கிருந்து மாறி மாறிக் கும்பகோணம் சேர இரவாகிவிட்டது. இடுப்பு கழன்றுவிட்டது.

நான்காம் நாள் – கும்பகோணம், தாராசுரம்

கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரி உண்டு. அதைக் கல்லூரியில் பார்ப்பதைவிடத் தாராசுரத்தில் பார்ப்பது மேல் என்று விடுதியில் சொன்னார்கள். சொன்னது சரி. காலை ஏழு மணிக்கே நாலு பேர் ஐராவதேஸ்வரர் கோயில் புல்வெளியில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

கோயில் வாட்டர்கலர் என்றாலே எனக்கு அலுப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஓட்டல் ரிசப்ஷன்களில் பார்த்துப் பார்த்துப் புளித்துப்போனது. ஆனால் ஒருவன் கண்முன் போடுவதைப் பார்ப்பது வேறு. வாட்டர்கலரில் வெள்ளைச் சாயத்தை வழக்கமாகத் தொடுவதில்லை. காகிதத்தை விட்டுவைத்தால்தான் வெள்ளை. மண்டபத்தைத் தேராக இழுக்கும் அந்தக் குதிரையின் முதுகில் விழுந்த வெயிலை அவன் வரையவே இல்லை. அதைச் சுற்றி மட்டும் நிழலைப் போட்டுக்கொண்டே போனான். கடைசியில் வெயில் தானாக வந்து நின்றது. இந்தச் சூட்டில் சாயம் தொட்ட உடனே காய்வதால், காகிதத்தின் பின்பக்கத்தையும் நனைத்துப் பலகையில் ஒட்டியிருந்தான்.

"நிழல் நகர்ந்துக்கிட்டே இருக்குமே தம்பி, என்ன பண்ணுவ?"

"முதல்ல நிழலை மட்டும் போட்டு வச்சிருவேன்ணே. அப்புறம் அது எங்க போனா நமக்கென்ன."

படித்து முடித்து என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டதற்கு இளையராஜா பெயரைச் சொன்னான். ஓவியர் இளையராஜா. இந்தப் பக்கத்துக் கிராமத்துக்காரர், சென்னைக் கல்லூரியில் படித்தவர். நம்ம ஊர்ப் பெண்களை, ஜன்னல் வெளிச்சத்தில், போட்டோவோ என்று சந்தேகம் வரும்படி வரைந்தவர். 2021-ல் கொரோனாவில் போய்விட்டார். இந்தப் பையனின் போனில் முகப்புப் படமே அவருடைய ஓவியம்தான். அந்தச் சாயலிலிருந்து இவன் வெளியே வர வேண்டும் என்று தோன்றியது. சொல்லவில்லை, இருபது வயதில் யாருடைய சாயலாவது இருந்துவிட்டுப் போகட்டும்.

மாலை தஞ்சாவூரில் எர்ணாகுளம் ரயில். இதை மேல் பர்த்தில் படுத்துக்கொண்டு தட்டுகிறேன். விடியுமுன் பாலக்காடு வரும். அங்கே மலம்புழாவில் 1969-ல் கானாயி குஞ்ஞிராமன் செய்த யக்ஷி உட்கார்ந்திருக்கிறாள். அவரும் சென்னைக் கல்லூரியில் படித்தவர்தான். இறங்கிப் பார்க்க நேரமில்லை.

ஐந்தாம் நாள் – மட்டாஞ்சேரி, கொச்சி

எர்ணாகுளத்தில் படகு ஏறியதும் காற்று, இறங்கியதும் புழுக்கம். மட்டாஞ்சேரியின் பழைய கிடங்குகளில் இன்னும் சுக்கு வாசனை போகவில்லை.

கொச்சி பியனாலே 2012-ல் தொடங்கியது. ஆரம்பித்த போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு இருவருமே மும்பை ஜே.ஜே. ஓவியக் கல்லூரியின் பழைய மாணவர்கள். மாணவர் பியனாலே 2014-லிருந்து. வாத்தியார் பரிந்துரைத்து அனுப்பும் மாதிரி கிடையாது. கண்காட்சியைத் தொகுக்கும் இளம் க்யூரேட்டர்கள் மாநிலம் மாநிலமாகக் கல்லூரிகளுக்குப் போய், மாணவர்களோடு உட்கார்ந்து பேசித் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் இங்கே சுவரில் மாட்டிய சட்டகம் குறைவு. ஒரு அறையில் பழைய சேலைகளைக் கயிறாகத் திரித்துக் கூரை வரை கட்டியிருந்தார்கள். இன்னொன்றில் இருட்டில் ஒரு தறிச் சத்தம் மட்டும். சில அறைகளில் படைப்பைவிட விளக்க அட்டை நீளமாக இருந்தது. அதைப் படித்தும் எனக்கு ஒன்றும் ஏறவில்லை.

அண்ணன் மகளின் நண்பன் கீழ்த்தளத்தில் இருந்தான். அவனுடைய அப்பா செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். அவன் செய்தது: சுடாத மண்ணில் இருநூறு செங்கல், தரையில் பாதை மாதிரி. ஒவ்வொன்றின் மேலும், சூளையின் முத்திரை இருக்க வேண்டிய இடத்தில், அங்கே வேலை பார்த்த ஒருவரின் கட்டைவிரல் ரேகை. பார்க்க வருபவர்கள் அதன் மேல் நடந்துதான் அடுத்த அறைக்குப் போக வேண்டும். மூன்று மாதமாக ஜனங்கள் நடந்து நடந்து, நடுவில் இருந்த கற்கள் தேய்ந்து குழிந்துவிட்டன. ஓரத்தில் இருப்பவற்றில்தான் ரேகை மிச்சம். நான் செருப்பைக் கழற்றினேன். "போட்டுக்கிட்டே நடங்க சார்" என்றான். "எல்லாரும் கழட்டிட்டா அது தேயாது."

இவன் பிரிக்கும் வேலையை இப்போதே ஆரம்பித்துவிட்டான். பின்கட்டில் பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர். முதலில் நொறுங்கிப்போன கற்களாகப் பார்த்து உள்ளே போட்டோம். சுடாத மண், காய்ந்திருந்தால், தண்ணீரில் விழுந்ததும் புஸ்ஸென்று மூச்சு விடுகிறது. ஓரங்கள் முதலில் உதிரும். கொஞ்ச நேரத்தில் கல் கல்லாக இருப்பதில்லை, கூழாகிவிடுகிறது. ஈரமாக இருந்தால் இப்படிக் கரையாதாம், நன்றாகக் காய வேண்டுமாம்.

"ஊருக்கு எடுத்துட்டுப் போகலாம்னு பாத்தேன். லாரி வாடகைக்குப் பத்து லோடு புது மண்ணே வாங்கிடலாம். இங்க ஒரு குயவர் இருக்காரு, எடுத்துக்கறேன்னாரு."

"வருத்தமா இல்லையா?"

"கையில தூக்கிப் பாருங்க சார், வருத்தம் போயிடும்."

தூக்கிப் பார்த்தேன். ஒரு கல் மூன்று கிலோவுக்குக் குறையாது. நாற்பது கல் சுமந்ததற்கே தோள் கழன்றது. மற்றவை நிறைவு நாளுக்குப் பிறகு. ஓரத்தில் இருந்த ஒரு கல்லை மட்டும் தனியாக எடுத்துத் துணியில் சுற்றினான். அப்பாவின் ரேகை. சென்னையில் என் அண்ணன் மகளிடம் கொடுத்துவிடச் சொன்னான். அவள் மூலமாக ஊருக்குப் போகும். அவளிடம் போனில் சொன்னேன். அவளுடைய பிரதிகளில் நாலு விற்றிருக்கிறது, அதில் ஒன்று டிஸ்ப்ளே பார்க்க வந்த ஒரு போர்ட்டர் வாங்கியது என்று கத்தினாள். படத்தில் தூங்குபவர்கள் படுத்திருக்கும் நடைமேடையை அவர் அடையாளம் கண்டுபிடித்துவிட்டாராம்.

எர்ணாகுளம் சந்திப்பில் ஸ்கேனரில் பையைப் போட்டதும் காவலர் நிறுத்தினார். துணியைப் பிரிக்கச் சொன்னார்.

"இதெந்தா?"

"மண்ணு."

"மண்ணோ?"

கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரேகை இருந்த இடத்தில் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். பிறகு அவரே துணியைச் சுற்றிக் கொடுத்தார், முன்பு சுற்றியிருந்ததைவிட நன்றாக.